பாட்டும் உரிமையும்

(லோஹேகாவ் வாழ் தமிழர்களின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பிற மாநிலங்களில் வாழும் தமிழர் ஆண்டு விழா எடுத்தால் அதில் இசைக் கச்சேரி ஒன்று இருந்தே தீரும். இன்றும் இருக்கிறது. சுருதிப் பெட்டி மேடையின் ஓரத்தில் காத்திருக்கிறது. மிருதங்க வித்துவான் என்னைப் பார்த்துவிட்டுத் தம் கைக்கடிகாரத்தையும் ஒருமுறை பார்த்துக் கொண்டார். இலை போட்ட பிறகு உணவைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றுபவனை எவரும் விரும்பமாட்டார் என்பதை அறிவேன். ஆதலால் எடுத்துக்கொண்ட பொருளுக்கு நேரே செல்கிறேன். “இசைவாணரும் மனித உரிமையும்” என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு.

இத்தலைப்பைக் கேட்டவுடன் சிலர் உள்ளத்தில் ஓர் ஐயம் எழலாம். இசை எங்கே, உரிமைக் கிளர்ச்சி எங்கே? ஒன்று உள்ளத்தை அமைதிப்படுத்துவது. மற்றொன்று அமைதியைக் குலைப்பது. இவ்விரண்டையும் ஒரே மனிதர் எவ்வாறு மேற்கொள்ள முடியும் என்பது அவ்வையம். இந்த லோஹேகாவில் நின்றுகொண்டு அவ்வாறு ஐயுறுவதற்கு நமக்கு உரிமை இல்லை என்பேன். ஏனெனில் இவ்வூர் துக்காராம் மகாராஜ் அவர்களின் தாய் பிறந்த ஊர். பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பெருமகனார், உயர்ந்தோர் எனப்பட்ட குலத்தில் பிறந்தவர் அல்லர். அவர் இறைவனைப் பற்றிப் பாடுவதற்கே தகுதியற்றவர் என்று சிலர் தடுத்தனர். பாட்டெழுதிய ஏடுகள் இந்திராயணி ஆற்றில் போடப்பட்டன. அவை நனையாமல் மீண்டும் மேலெழுந்தன என்று இந்நாட்டு மக்கள் வழிவழியாகக் கூறி வருகின்றனர். ஏடு மிதந்ததா என்பதை ஆராய வேண்டுவதில்லை. “உனக்குப் பாடும் உரிமை இல்லை” என்று ஒருவரைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்பதும், மக்கள் அத்தடையை ஏற்கவில்லை என்பதுமே நாம் கருதத்தக்கவை. அவருடைய அபங்கங்கள் தஞ்சையை ஆண்ட மராட்டியர் காலத்தில் தமிழகத்துக்கும் வந்து, நம் பஜனை மரபில் கலந்து, இன்று சென்னைக் கச்சேரிகளின் இறுதிப் பகுதியில் கைதட்டலைப் பெறுகின்றன.

பாட்டுக்கும் உரிமைக்கும் உள்ள உறவு இவ்வாறு பழமையானது. அவ்வுறவை நம் காலத்தில் தம் வாழ்க்கையாகவே ஆக்கிக்கொண்ட ஒரு தமிழ்நாட்டு இசைவாணரைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அவர் திரு. டி. எம். கிருஷ்ணா அவர்கள். அவரைப் பற்றிக் கடுமையான கருத்து வேறுபாடு உண்டு. இவ்வவையிலும் இருக்கலாம். இருப்பினும், ஒருவரை ஏற்பதற்கும் மறுப்பதற்கும் முன்னர் அவர் செய்தது இன்னது என்று அறிந்துகொள்வது நம் கடமை அன்றோ?

அவரிடம் செல்வதற்கு முன் வெளியுலகில் இருவரைக் கண்டு வருவோம். பால் ராப்சன் என்பவர் அமெரிக்க நாட்டுக் கறுப்பினப் பாடகர். அவருடைய தந்தையார் அடிமையாய்ப் பிறந்து தப்பி வந்தவர். கறுப்பின மக்களுக்காகவும் உழைப்பாளருக்காகவும் அவர் குரல் கொடுத்தமையால், 1950-ஆம் ஆண்டு அமெரிக்க அரசு அவருடைய கடவுச்சீட்டைப் பறித்தது. நாட்டை விட்டு வெளியேற இயலாத அவர், 1952-ஆம் ஆண்டு மே மாதத்தில் கனடா நாட்டு எல்லைக்குச் சென்று, எல்லைக்கோட்டின் ஓரத்தில் நிறுத்திய லாரியின் மீது ஏறி நின்று பாடினார். எல்லையின் இருபுறமும் மக்கள் கூடிக் கேட்டனர். 1957-இல் கடலடித் தொலைபேசிக் கம்பி வழியாக இலண்டன் மாநகர மக்களுக்குப் பாடினார். கடவுச்சீட்டு அவருக்குத் திரும்பக் கிடைத்தது 1958-இல்தான். உடல் அடைபட்டது, குரல் எல்லை கடந்தது.

மற்றொருவர் ஸ்பெயின் நாட்டுக் கத்தலோனியாவில் பிறந்த பாப்லோ கசால்ஸ். செல்லோ என்னும் பெரிய வில்வாத்தியத்தில் அவரை மிஞ்சியவர் இல்லை என்று உலகம் போற்றியது. தம் நாட்டில் சர்வாதிகாரம் வேரூன்றியதும் அவர் நாட்டைத் துறந்தார். அச்சர்வாதிகாரத்தை ஏற்றுக்கொண்ட நாடுகளில் வாசிக்கமாட்டேன் என்று கூறிச் சில ஆண்டுகள் பொது மேடையையே துறந்திருந்தார். 1973-இல் மறையும் வரை அவர் தாய்நாட்டில் மீண்டும் குடியேறவில்லை.

இவ்விருவரும் மாபெரும் தியாகிகள். ஒருவரிடமிருந்து மேடை பறிக்கப்பட்டது. மற்றவர் மேடையைத் தாமே துறந்தார். எனினும் இருவரும் தம் இசையைக் கொண்டு இசைக்கு வெளியே நிகழ்ந்த அநீதியை எதிர்த்தவர்கள். நம் நாட்டிலோ வேறொரு கேள்வி உண்டு. இசைக்கு உள்ளேயே அநீதி குடியிருந்தால் இசைவாணர் என்ன செய்வது?

இக்கேள்வி புதியதன்று. நாகசுரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை அவர்களை நாம் எல்லோரும் அறிவோம். அவர் காலத்துக்கு முன் நாகசுரக் கலைஞர் நின்றுகொண்டே வாசிக்க வேண்டும்; செல்வர் முன்னிலையில் மேலாடை அணியக் கூடாது. வாய்ப்பாட்டுக்காரர் மேடையில் அமர்ந்து பாடலாம். மணிக்கணக்காக மூச்சைப் பிடித்து ஊதுபவர் மட்டும் அமரக் கூடாது! பிள்ளையவர்கள் அதனை ஏற்கவில்லை. மேடை போட்டால்தான் வாசிப்பேன், அமர்ந்துதான் வாசிப்பேன் என்றார். கோட்டு அணிந்து வந்தார். அவர் உரிமை என்ற சொல்லைப் பயன்படுத்தினாரோ இல்லையோ, செய்தது உரிமைப் போர்தான்.

தியாகி விசுவநாத தாஸ் அவர்களையும் நினைக்க வேண்டும். 1886-ஆம் ஆண்டு சிவகாசியில் முடிதிருத்தும் குலத்தில் பிறந்து, நாடக மேடையின் இசையரசராய் விளங்கியவர். வெள்ளையர் ஆட்சியை எதிர்த்து மேடையில் பாடிப் பலமுறை சிறை புகுந்தார். அவர் குலத்தைக் காரணம் காட்டி உடன் நடிக்க மறுத்தவர்களும் உண்டு. அரசு ஒருபுறம் தடுத்தது. சாதி மறுபுறம் தடுத்தது. 1940-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள், சென்னையில் முருகன் வேடம் தாங்கி மேடையில் இருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது.

இவர்கள் இருவரும் அநீதிக்கு உள்ளானவர்கள், அதனால் எதிர்த்தவர்கள். கிருஷ்ணா அவர்களின் நிலை வேறு. அவர் அநீதியால் நன்மை பெறும் பக்கத்தில் பிறந்தவர். அதனை அவரே வெளிப்படையாகக் கூறுகிறார். 1976-ஆம் ஆண்டு சென்னையில் வசதி மிக்க குடும்பத்தில் பிறந்தார். பாகவதுல சீதாராம சர்மா அவர்களிடமும் பின்னர்ச் செம்மங்குடி சீனிவாச ஐயர் அவர்களிடமும் இசை பயின்றார். பன்னிரண்டாம் வயதில் மேடை ஏறினார். முப்பது வயதுக்குள் டிசம்பர் இசை விழாவின் முன்னணிப் பாடகர்களில் ஒருவரானார். அவர் பாட்டுக்கு அரங்கம் நிறைந்து வழிந்தது. அவருக்கு எந்தக் குறையும் இல்லை. குறையில்லாதவர் எதற்காகக் குறை சொல்ல வேண்டும்? இக்கேள்வியை அவரிடம் பலர் கேட்டிருக்கிறார்கள்.

அதற்கு விடை, அவர் அரங்கத்தைப் பார்த்த பார்வையில் இருக்கிறது. மேடையில் இருந்து எதிரே நோக்கும்போது அமர்ந்திருப்பவர் யார், அமராதவர் யார் என்று அவர் கேட்டார். 2013-ஆம் ஆண்டு வெளிவந்த தம் பெரிய ஆங்கில நூலில் கருநாடக இசையின் வரலாற்றை ஆராய்ந்தார். ஒரு காலத்தில் இசை வேளாளரும் தேவதாசி மரபினரும் வளர்த்த கலை, இருபதாம் நூற்றாண்டில் எவ்வாறு ஏறத்தாழ ஒரே சமூகத்தாரின் கையில் சென்று சேர்ந்தது என்று எழுதினார். சட்டம் எவரையும் தடுக்கவில்லை; நுழைவாயிலில் காவலர் எவரும் குலம் கேட்பதில்லை. ஆயினும் மீனவக் குப்பத்துச் சிறுமி அவ்வாயிலில் நுழைவதில்லை. பூட்டு இல்லாத கதவும் சிலருக்கு மூடிய கதவே என்பதை அவர் கண்டார்.

கண்டவர் எழுதியதோடு நிற்கவில்லை. இங்கேதான் தொண்டு தொடங்குகிறது. 2015-ஆம் ஆண்டு, சென்னை டிசம்பர் இசை விழாவில் இனிப் பாடுவதில்லை என்று அறிவித்தார். இசைவாணர்க்கு டிசம்பர் மாதம் என்பது உழவர்க்கு அறுவடை மாதம் போன்றது. களத்து நெல்லை வேண்டாம் என்று சொல்லும் உழவர் உண்டோ? இவர் சொன்னார். அதே ஆண்டு, பெசன்ட் நகர்க் கடற்கரையை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில், சூழலியல் ஆர்வலர் திரு. நித்தியானந்த ஜெயராமன் முதலிய நண்பர்களுடனும் அக்குப்பத்து மக்களுடனும் சேர்ந்து ஒரு கலை விழாவைத் தொடங்கினார். அங்கே பறையாட்டமும் வில்லுப்பாட்டும் பரதமும் கருநாடக இசையும் ஒரே மேடையில் நிகழ்ந்தன. கட்டணம் இல்லை, முன்வரிசைச் சீட்டு இல்லை. ஓடும் மாநகரப் பேருந்திலும் அமர்ந்து பாடினார். அவ்விழா பின்னர்ச் சென்னைக் கலைத் தெரு விழா என்ற பெயரில் வளர்ந்தது.

இதனைத் தவறாகப் புரிந்துகொண்டவர் பலர். “மீனவர் கருநாடக இசை கேட்டு என்ன செய்வர்? அவர்களுக்கு வேண்டியது வீடும் தண்ணீரும் அல்லவா?” என்றனர். “அவர்களுக்கென்று பாட்டு இல்லையா, இவர் என்ன கொண்டுபோய்க் கொடுப்பது?” என்றனர் வேறு சிலர். இரண்டாவது கேள்வி சிறந்த கேள்வி. கிருஷ்ணா அவர்களும் அதனை ஒப்புக்கொள்கிறார். உயர்ந்த கலையை எளியவர்க்கு வழங்கும் வள்ளலாக அவர் தம்மைக் கருதவில்லை. பறைக்கும் கருநாடக இசைக்கும் மேடை ஒன்றே, மதிப்பும் ஒன்றே என்று காட்டுவது அவர் நோக்கம். அந்தக் குப்பத்து மணலில் பாடம் கற்க வேண்டியவர், மாடி வீட்டிலிருந்து இறங்கி வந்து முதன்முதலாக அங்கே அமர்ந்த இரசிகரே ஆவார்.

முதற்கேள்விக்கும் விடை உண்டு. 1948-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் ஐக்கிய நாடுகளின் சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. அப்பிரகடனத்தின் முதற்பிரிவில் “ஆடவர் எல்லோரும்” எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடர் இருந்ததை “மனிதர் எல்லோரும்” என்று மாற்றச் செய்தவர் நம் இந்திய நாட்டு அம்மையார் ஹன்சா மேத்தா. அதே பிரகடனத்தின் 27-ஆம் பிரிவைப் பலர் படிப்பதில்லை. தாம் வாழும் சமுதாயத்தின் பண்பாட்டு வாழ்வில் தடையின்றிப் பங்கு கொள்ளவும், கலைகளைத் துய்க்கவும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்கிறது அது. உணவும் உறையுளும் உரிமை என்று கூறிய அதே ஏடு, பாட்டும் உரிமை என்று கூறுகிறது. வயிறு நிறைந்த பின்னரே எளியவர்க்குச் செவி வேண்டும் என்று தீர்ப்பளிக்க நாம் யார்?

அன்பர்களே, உரிமைக்காகப் பாடுவது ஒன்று. பாடுவதே ஓர் உரிமை என்று காண்பது மற்றொன்று. கிருஷ்ணா அவர்களின் தொண்டில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது இந்த இரண்டாவதுதான். இதற்கு மூன்று சான்றுகள் கூறுகிறேன்.

முதற்சான்று மிருதங்கம். அதோ அவ்வுறையில் இருக்கும் மிருதங்கத்தைப் பாருங்கள். உடல் பலாமரம். வலந்தலையும் தொப்பியும் தோல். பசுவின் தோலும் ஆட்டின் தோலும் அதில் உண்டு. இழுத்துக் கட்டிய வார் எருமைத் தோல். தோலைத் தேர்ந்தெடுப்பவர், பதப்படுத்துபவர், மூட்டுபவர், சுருதிக்கு இசைவாக ஆக்குபவர் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட குலத்துக் கிறித்தவக் குடும்பத்தினர். தஞ்சையில் செபாஸ்டியன் என்பவரின் வழிவந்த குடும்பம் இக்கலையில் பெயர் பெற்றது. அக்குடும்பத்துப் பர்லாந்து அவர்கள், மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் அவர்களுக்கு வாத்தியம் செய்து தந்தவர். மணி ஐயரின் நாதத்தைப் போற்றாத இரசிகர் இல்லை. அந்நாதத்துக்குத் தோல் தேடிய பர்லாந்தின் பெயரை எத்தனை பேர் அறிவோம்? பல ஊர்களுக்குச் சென்று, இத்தொழிலாளரின் வீடுகளில் அமர்ந்து, அவர்கள் கூறக் கேட்டு, 2020-ஆம் ஆண்டு “செபாஸ்டியன் அண்டு சன்ஸ்” என்னும் நூலை அவர் வெளியிட்டார். வெளியீட்டு விழாவுக்கு முதலில் இடம் தர இசைந்த கலை நிறுவனம் ஒன்று பின்னர் மறுத்துவிட்டது. வேறோர் இடத்தில் விழா நடந்தது. செய்தவரைப் பற்றிய நூலுக்கே இடம் இல்லை என்றால், செய்தவருக்கு எங்கே இடம் இருந்திருக்கும்?

இரண்டாம் சான்று ஒரு சொல். “பொறம்போக்கு” என்பது நம் தெருக்களில் வசைச்சொல்லாகிவிட்டது. உண்மையில் அது வரிக் கணக்குக்குப் புறம்பாக விடப்பட்ட பொது நிலத்தைக் குறிப்பது. ஆற்றங்கரை, ஏரிக்கரை, மேய்ச்சல் நிலம், கழிமுகம் யாவும் ஊர் மக்கள் அனைவருக்கும் பொது. வடசென்னையில் கொசத்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழிமுகம் அத்தகையது. அனல் மின் நிலையத்தின் சாம்பல் அங்கே படிந்தது, மீன் குறைந்தது, மீனவர் வாழ்வு குலைந்தது. 2017-ஆம் ஆண்டு சனவரியில், கபேர் வாசுகி எழுதிய பாடலை, சென்னைப் பேச்சுத் தமிழிலேயே, இராகமாலிகையாகக் கிருஷ்ணா பாடினார். அச்சாம்பல் நிலத்திலேயே நின்று பாடிய அக்காட்சி படமாகி உலகெங்கும் பரவியது. பேச்சு மொழி கருநாடக இசைக்கு ஏற்றதா என்று சிலர் முகம் சுளித்தனர். எந்த மக்கள் அம்மொழியைப் பேசுகிறார்களோ அம்மக்களே அந்நிலத்தை இழந்தவர்கள். அவர்கள் துயரை வேறெந்த மொழியில் பாடுவது?

அப்பாட்டால் ஆறு தெளிந்துவிட்டது என்று நான் கூறவில்லை. 2023-ஆம் ஆண்டு டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு அதே கழிமுகத்தில் எண்ணெய் பரவி, மீனவர் படகும் வலையும் கறுத்துப் போயின. பாட்டு ஆற்றைக் கழுவாது. ஆயினும் எண்ணூர் என்ற பெயரையே கேளாதிருந்த எத்தனையோ ஊர்களுக்கு, இன்ன இடத்தில் இன்ன அநீதி நடக்கிறது என்று அப்பாட்டு அறிவித்தது. பறையறைந்து செய்தி சொல்வது நம் பழைய வழக்கமே அன்றோ?

மூன்றாம் சான்று அவர் யாரோடு சேர்ந்து பாடினார் என்பது. வட கருநாடகத்திலும் இம்மகாராட்டிரத்திலும் எல்லம்மா தேவியைத் தொழுது பாடி வாழும் ஜோகப்பாக்களை உங்களில் சிலர் கண்டிருப்பீர்கள். ஆணாய்ப் பிறந்து பெண்ணுடை தரித்துத் தேவிக்கு அடியாராகும் அவர்களைச் சமுதாயம் விழாவில் வணங்கும், வீதியில் விரட்டும். அவர்களோடு ஒரே மேடையில் சமமாக அமர்ந்து பாடினார். காஞ்சிபுரத்துப் பக்கத்துக் கட்டைக்கூத்துக் கலைஞரோடு சேர்ந்து நிகழ்ச்சி நடத்தினார். எழுத்தாளர் பெருமாள்முருகன் அவர்கள் எதிர்ப்புக்கு உள்ளாகித் துயருற்று மீண்ட பின் எழுதிய கீர்த்தனைகளை மேடையில் பாடினார். உள்நாட்டுப் போரில் சிதைந்த இலங்கையின் வடபகுதிக்கு 2011 முதல் 2013 வரை சென்று பாடினார். முப்பது ஆண்டுகளாகக் கருநாடக இசைவாணர் எவரும் சுற்றுப்பயணம் செய்யாதிருந்த நிலம் அது.

2016-ஆம் ஆண்டு ராமோன் மகசேசே பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அதே ஆண்டு அப்பரிசைப் பெற்ற மற்றோர் இந்தியர், கோலார் தங்கவயலில் துப்புரவுத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து, மனிதக் கழிவை மனிதர் அள்ளும் கொடுமையை ஒழிக்கப் போராடி வரும் திரு. பெஜவாடா வில்சன் ஆவார். இசைவாணரும் துப்புரவாளர் தலைவரும் ஒரே ஆண்டில் ஒரே பரிசைப் பெற்றனர். அப்பரிசு கிருஷ்ணாவின் பாட்டுக்கன்று. பண்பாட்டில் எல்லோரையும் சேர்த்துக்கொண்டதற்கு.

பரிசு வந்தது போல் எதிர்ப்பும் வந்தது. ஏசுநாதரைப் பற்றியும் அல்லாவைப் பற்றியும் பாடுவேன் என்று அவர் சொன்ன 2018-ஆம் ஆண்டில், நவம்பர் மாதத்தில் தில்லியில் நடக்கவிருந்த கச்சேரி, எதிர்ப்புக் குரல்கள் எழுந்ததன் பின் தள்ளிவைக்கப்பட்டது. தில்லி மாநில அரசு வேறொரு பூங்காவில் அவரைப் பாடவைத்தது. 2024-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் சென்னை மியூசிக் அகாதெமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருதை அறிவித்தபோது, புகழ் மிக்க இசைவாணர் சிலர் அவ்வாண்டு விழாவிலிருந்தே விலகினர். அவர்களும் இசைக்கு வாழ்வை அளித்தவர்களே. தாம் போற்றும் மரபை இவர் இழிவு செய்கிறார் என்பது அவர்கள் வருத்தம். எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் பெயரால் வழங்கும் பரிசு பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அவ்வாண்டு டிசம்பரில் கிருஷ்ணா நெடுநாளைக்குப் பின் அவ்வரங்கில் பாடினார். 2025 சனவரி முதல் நாள் விருதைப் பெற்றார்.

இவ்வழக்கில் நாம் நீதிபதிகள் அல்லோம். அவர் எழுதியவை யாவற்றையும் ஏற்க வேண்டும் என்றும் நான் கூறவில்லை. சொல்லில் கடுமை உண்டு. பெரியோரைப் பற்றிய அவர் கருத்துக்கள் சிலருக்கு நோவு தந்திருக்கின்றன. ஆனால் ஒருவர் தொண்டு மெய்யா பொய்யா என்று அறிய எளிய அளவுகோல் ஒன்று உண்டு. அத்தொண்டால் அவர் பெற்றது மிகுதியா, விட்டது மிகுதியா என்று பார்க்க வேண்டும். கைதட்டலும் மாலையும் காத்திருந்த மேடையை விட்டு, மணலில் போட்ட மேடைக்குச் சென்றவர் இவர். வாயிலில் நின்றவரை உள்ளே அழைக்க எண்ணி, தாம் முதலில் வெளியே வந்தவர். அச்செயலுக்கு நான் தலை வணங்குகிறேன்.

இனி நம் ஊருக்கு வருவோம். நாம் பிழைப்பை நாடிப் புனே வந்தவர்கள். விமானப்படையில் பணிபுரிவோர் நம்மில் உண்டு. கராடியிலும் விமான் நகரிலும் கணினி அலுவலகம் செல்வோர் உண்டு. அவ்வலுவலகங்களின் சுவரை எழுப்பும் தமிழ்த் தொழிலாளரும் இந்நகரில் உண்டு. கட்டடம் முடியும் வரை தகரக் கொட்டகையில் வாழ்ந்து, முடிந்ததும் வேறிடம் செல்வோர் அவர்கள். தமிழ் அவர்களுக்கும் தாய்மொழியே. இவ்வரங்கின் கதவிலும் பூட்டு இல்லை. ஆனாலும் அவர்கள் இங்கே வந்திருக்கிறார்களா என்று சற்றுத் திரும்பிப் பாருங்கள்.

இங்கிருந்து நகரத்துக்குச் செல்லும் வழியில் எரவாடா இருக்கிறது. 1932-ஆம் ஆண்டு செப்டம்பரில் அங்குள்ள சிறையில் காந்தியடிகள் உண்ணாநோன்பிருக்க, அண்ணல் அம்பேத்கரோடு புனே ஒப்பந்தம் ஏற்பட்டது. அதில் கையொப்பமிட்டோருள் இரட்டைமலை சீனிவாசனும் எம். சி. இராஜாவும் இராஜாஜியும் நம் தமிழர். இந்நகரிலேயே 1848-இல் ஜோதிபா பூலே பெண்களுக்குப் பள்ளி தொடங்கினார். அவர் நிறுவிய சத்திய சோதக சமாஜத்தின் கொள்கைகளைப் பின்னாளில் ஊர் ஊராகக் கொண்டு சென்றவை ஜல்சா எனப்படும் பாட்டுக் குழுக்கள். உரிமையைப் பாட்டால் பரப்பிய மண்ணில் நாம் குடியேறியிருக்கிறோம். இந்த மண்ணின் உப்பை உண்டுவிட்டு அதன் பாட்டை மட்டும் மறக்கலாமா?

ஆதலால் அடுத்த ஆண்டு விழாவுக்கென மூன்று வேண்டுகோள்களைச் சங்கப் பெரியோர்முன் வைக்கிறேன். விழா அழைப்பிதழை நம் குடியிருப்புகளில் மட்டும் வழங்காமல், கட்டட வேலை நடைபெறும் இடங்களுக்கும் நம் இளைஞர் நேரில் கொண்டு செல்லட்டும். வருவோர்க்கு வண்டி வசதி செய்யட்டும். பறையாட்டமோ வில்லுப்பாட்டோ ஒன்றையேனும் கச்சேரிக்கு முன்பாகப் பொழுதுபோக்காக வைக்காமல், கச்சேரிக்கு இணையாக, அதே மேடையில், அதே சன்மானத்தோடு வைப்போம். இவ்வூரில் துக்காராமின் அபங்கம் பாடும் மராத்தி அன்பர்களையும் அழைப்போம். அவர்களுடைய பக்வாஜும் தாளமும் நம் மிருதங்கத்தோடு ஒருமுறை உரையாடட்டும். செலவு மிகுதியாகும் என்று பொருளாளர் கவலைப்பட வேண்டாம். அலங்கார வளைவில் ஒன்றைக் குறைத்தால் போதும்.

இவை சிறியவை என்று எனக்குத் தெரியும். இவற்றால் உலகம் மாறிவிடாது. ஆனால் கிருஷ்ணா அவர்கள் தொடங்கியதும் ஒரு குப்பத்தில், ஒரு மாலையில்தான். பிறப்பினால் ஏற்றத்தாழ்வு இல்லை என்று வள்ளுவர் கூறி ஈராயிரம் ஆண்டுகள் ஆகப் போகின்றன. அதனை மேடையில் முழங்குவதற்கு நம்மிடம் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். அமரும் பாயில் காட்டுவதற்கு இன்னும் சிலர் வேண்டும்.

மிருதங்க வித்துவான் மறுபடியும் கடிகாரத்தைப் பார்க்கிறார். அவர் வாசிக்கத் தொடங்கும்போது, அவ்வாத்தியத்துக்குத் தோல் மூட்டிய, நாம் பெயர் அறியாத கைகளுக்கும் சேர்த்துக் கைதட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.